தரைப் பலகையைச் சட்டத்தில் எப்படிப் பிணைப்பது: ஆணியா, ஸ்க்ரூவா, பசையா?

மரத்தரை போடப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது ஆணி அடிப்பதா ஸ்க்ரூ போடுவதா என்றுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்தப் பலகையை என்றைக்காவது திரும்ப எடுக்க வேண்டி வருமா? பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் எவ்வளவு காய்ந்திருக்கின்றன? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் மற்றது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். பதில் தெரியாமல் எதைப் போட்டாலும், எவ்வளவு நல்ல சாமானாக வாங்கிப் போட்டாலும், கொஞ்ச நாளில் கால் வைக்கும் இடமெல்லாம் கிறீச்சிட ஆரம்பித்துவிடும்.

சட்டம் என்று நான் சொல்வது பலகைகளுக்கு அடியில், அவற்றுக்குக் குறுக்காக, வரிசையாக ஓடும் கட்டைகளை. ஜாயிஸ்ட் என்பதும் இதைத்தான். கான்கிரீட் மேல் நேராக ஒட்டும் மரத்தரை, ஒன்றோடொன்று மாட்டி மிதக்க விடும் லேமினேட் தரை இதெல்லாம் வேறு கதை, இங்கே அதற்குள் போகவில்லை.

மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும்

காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலத்தில் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளத்தில் இது கண்டுகொள்ள வேண்டாத அளவு. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளம் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் குறையும். அகலத்தில் அப்படி இல்லை. ஆண்டு வளையங்களின் போக்கிலேயே அளந்தால் பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்குகின்றன. மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி அளந்தால் ஏறத்தாழ அதில் பாதி. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று அடங்கிக் கிடப்பதும் இன்னொன்று ஓடு மாதிரி குழிந்து வளைவதும் இதனால்தான். வாங்கும்போதே பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் நிமிர்ந்து நின்றால் அது அடங்கிய பலகை, படுத்துக் கிடந்தால் ஆடும் பலகை.

வளையம் படுத்த 150 மி.மீ. அகலப் பலகை ஒன்றின் ஈரப்பதம் 4 புள்ளி மாறினால், அதாவது 14 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால், அகலம் சுமார் ஒன்றரை மி.மீ. குறையும். பார்க்கச் சின்ன எண். 20 பலகை போட்ட அறையில் அதுவே 30 மி.மீ. ஆகிறது. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகச் சட்டத்தில் பிணைந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் ஆணியைச் சுற்றி மட்டும் சுருங்கும், அந்த 30 மி.மீ. அறை முழுக்க மெல்லிய கோடுகளாகப் பிரிந்துவிடும், யார் கண்ணையும் உறுத்தாது. பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல்: ஏழெட்டுப் பலகைகள் கூட்டாக ஒரு பக்கம் இழுத்து, நடுவில் எங்கேயோ விரல் நுழையும் அளவுக்கு ஒரே பிளவு விழும். வார்னிஷ் இடுக்குகளில் வழிந்து இறுகினால்கூட இப்படி ஆவதுண்டு.

ஆகவே நமக்கு வேண்டிய பிடிப்பு இப்படி இருக்க வேண்டும்: பலகையை மேலும் கீழும் துளிகூட ஆட விடக் கூடாது, பக்கவாட்டில் மட்டும் மயிரிழை அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆணி, ஸ்க்ரூ, பசை மூன்றையும் நான் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஈரத்தை அளந்துவிடுங்கள்

இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி விலை அதிகமில்லாத கருவி. பலகையில் நாலைந்து இடத்திலும், சட்டத்தில் நாலைந்து இடத்திலும் குத்திப் பாருங்கள். 75 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள பலகை என்றால் பலகைக்கும் அடியில் உள்ள மரத்துக்கும் வித்தியாசம் 2 சதவீதப் புள்ளிக்குள் இருக்க வேண்டும், அதைவிடக் குறுகிய பலகை என்றால் 4 வரை பரவாயில்லை. பலகைகளை அறைக்குள் கொண்டுவந்து, நடுநடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, எண் இறங்குவது நிற்கும்வரை காத்திருங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், மானி சொல்லட்டும். சுவர்ப்பூச்சு இன்னும் காயாத அறையில் பலகையை அடுக்கினால் அது காய்வதற்குப் பதில் ஈரத்தைக் குடிக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தை அளப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு அறையில் விட்டேன். பலகைகளை மூன்று வாரம் அடுக்கி வைத்து ஒழுங்காகப் பழக்கினேன், புதிதாக மாட்டிய சட்டங்களை மட்டும் அளக்கவில்லை, அவை தொட்டாலே குளிர்ச்சியாக இருந்தும் அளக்கவில்லை. ஆணி அடித்து முடித்தபோது தரை பாறை மாதிரி இருந்தது. நான்கு மாதத்தில் சட்டங்கள் காய்ந்தன, ஆணி இறங்கியிருந்த மேற்பகுதி சுருங்கியது, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அவ்வளவுதான், காலை வைத்தால் பலகை அந்தத் தாள் அளவுக்கு இறங்கும், எடுத்தால் ஏறும், இறங்கி ஏறும்போது ஆணித்தண்டில் உரசிக் கத்தும். மரத்தரையின் கிறீச் சத்தத்துக்குப் பெரும்பாலும் இந்த உரசல்தான் காரணம். அந்த அறையை முழுக்க ஸ்க்ரூ போட்டு இழுத்து அடக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆணி: புதிய தரைக்கு நான் முதலில் நினைப்பது

ஆணியின் பெரிய குணம் அது வளையும் என்பதுதான். மென்மையான இரும்பு, பலகை பக்கவாட்டில் தள்ளினால் உடையாமல் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். வருடத்துக்கு வருடம் உப்பிச் சுருங்கும் மரத்துக்கு இது நல்ல துணை.

வழுவழுப்பான உருண்டை ஆணியைத் தரைக்குப் போடாதீர்கள், பிடி போதாது. தரைக்கென்றே தகட்டிலிருந்து வெட்டிச் செய்யும் செவ்வக ஆணி ஒன்று உண்டு, பழைய கட்டடங்களில் பலகையை எடுத்தால் இதுதான் கிடைக்கும். இதன் முனை மழுங்கியிருக்கும், அதுவே இதன் பலம். கூர் ஆணி நாரை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு ஆப்பு மாதிரி இறங்குவதால் பலகை பிளக்கும். மழுங்கிய முனையோ நாரை அறுத்துக் கீழே மடக்கிக்கொண்டு இறங்கும், அப்படி மடங்கிய நார்கள் ஆணித்தண்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். செவ்வகத்தின் நீளப் பக்கம் பலகையின் நார் ஓடும் திசையில் இருக்கும்படி வைத்து அடிக்க வேண்டும். திருப்பி வைத்தால் பலகை பிளந்துவிடும். உருண்டை ஆணிதான் கையில் இருக்கிறது என்றால் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள், பலகை பிளப்பது வெகுவாகக் குறையும்.

தண்டு முழுக்க வளையம் வளையமாகப் பல் வெட்டிய ஆணி இன்னொரு வகை. பிடி அபாரம், மேலே கிளம்பவே கிளம்பாது. ஆனால் நான் முதலில் கேட்ட கேள்வியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆணி போட்ட பலகையை ஒருநாள் நெம்பி எடுத்தால் பலகைதான் கிழியும், ஆணி வராது. அடியில் குழாயோ வயரோ ஓடாத அறைக்கு மட்டும் இதைப் போடுவேன்.

நீளத்துக்கு ஒரு சுலபமான கணக்கு: பலகையின் தடிமனைப் போல இரண்டரை மடங்கு. 20 மி.மீ. பலகைக்கு 50 மி.மீ. ஆணி, அப்போது 30 மி.மீ. சட்டத்துக்குள் இருக்கும். மென்மரமாக இருந்தால் 60 வரை போகலாம்.

சரி, எந்த இடத்தில் அடிப்பது? இரண்டு வழி. மேலேயிருந்து நேராக அடிப்பது ஒன்று: ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு இரண்டு ஆணி, ஓரத்திலிருந்து 20, 25 மி.மீ. உள்ளே தள்ளி. இரண்டையும் ஒன்றை ஒன்று நோக்கிக் கொஞ்சம் சாய்த்து அடித்தால் பிடி கூடும். மிக அகலமான பலகையில் இரண்டு ஆணிகளையும் ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு ஓரமும் இறுகிப்போன பலகை சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். அடித்த பிறகு ஆணிக்குத்தியால் தலையை 2, 3 மி.மீ. உள்ளே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தரை தேய்க்கும்போது உப்புத்தாள் கிழியும்.

இன்னொரு வழி மறைத்து அடிப்பது. ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கும், மறு ஓரத்தில் அது நுழையும் காடி என்ற பள்ளமும் வெட்டிய பலகைகளுக்குத்தான் இது ஆகும். நாக்கு பலகையோடு சேரும் மூலையில் ஆணியை வைத்து 45 பாகை சாய்வில் அடித்து, தலையைக் குத்தியால் உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த பலகையின் காடி அதை மூடிக்கொள்ளும். மேலே ஒரு ஆணித்தலையும் தெரியாது. அழகுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பலகையின் ஒரு ஓரத்தை மட்டுமே ஆணி பிடிக்கிறது, மறு ஓரம் முந்தைய பலகையின் நாக்கை நம்பித்தான் கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 100 மி.மீ. அகலத்துக்குள் இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகப் போக எனக்கு நம்பிக்கை குறையும், 150 மி.மீ. பலகையை மறைத்து மட்டும் அடித்தால் அது குழிந்து எழும்பும்போது தடுக்க ஆள் இல்லை. அகலப் பலகைதான் வேண்டும், ஆணித்தலையும் தெரியக் கூடாது என்றால் மறைத்து அடிப்பதோடு பசையையும் சேர்க்க வேண்டும், அல்லது மேலே ஸ்க்ரூ போட்டு மரக்குமிழால் மூட வேண்டும்.

கடினமான மரத்தில் எந்த ஆணிக்கும் முன்துளை போடுங்கள், முக்கியமாகப் பலகை முனைகளில். நேரம் பிடிக்கும் வேலைதான், இருந்தாலும் நாக்கு பிளந்த பலகையை எடுத்து வீசுவதைவிட மேல். நிறைய அறைகள் என்றால் தரைக்கென்று உள்ள ஆணித் துப்பாக்கி வாடகைக்கு எடுக்கலாம். ரப்பர் தலைச் சுத்தியலால் தட்டி அடிக்கும் வகையில் அந்தத் தட்டே பலகையை முந்தைய பலகையோடு நெருக்கியும் விடும். அதில் பல் வெட்டிய தட்டை ஆணி, இரண்டு கால் கவ்வு ஆணி என இரண்டு வகை உண்டு. மெல்லிய நாக்கு உள்ள பலகைக்குக் கவ்வு ஆணி வேண்டாம், நாக்கைப் பிளந்துவிடும்.

ஸ்க்ரூ: திரும்ப எடுக்க வேண்டிய எல்லாவற்றுக்கும்

குழாய், வயர், இணைப்புப் பெட்டி இவை ஓடும் வரிசையில் உள்ள பலகைக்கு நான் ஸ்க்ரூ தவிர வேறு எதையும் போட மாட்டேன். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஒரு கசிவைச் சரிசெய்ய வந்தவர் நல்ல பலகையைக் கடப்பாறையால் நெம்பிப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பழைய தரையைத் திரும்ப அடக்கவும் ஸ்க்ரூதான். ஆணி அடிக்கும்போது சுத்தியலின் அதிர்ச்சி பக்கத்து ஆணிகளைத் தளர்த்தும், கீழே பூச்சுக் கூரை இருந்தால் அதிலும் விரிசல் விழும். ஸ்க்ரூ சத்தமில்லாமல் இழுக்கும்.

இப்போது ஸ்க்ரூவில் நிறையப் பேர் தவறவிடும் ஒரு விஷயம். ஸ்க்ரூவின் தண்டு முழுக்க மரை ஓடினால் அது பலகையையும் பிடித்துக்கொள்ளும், சட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். பலகை ஒரு மி.மீ. தூக்கியிருக்கும்போது அதைத் திருகினால் அந்த ஒரு மி.மீ. இடைவெளி அப்படியே பூட்டப்பட்டுவிடும், எவ்வளவு திருகினாலும் மூடாது. உங்களுக்கு வேண்டியது தலைக்குக் கீழே பலகையின் தடிமன் அளவுக்கு மரை இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் ஸ்க்ரூ. அப்போதுதான் மரை சட்டத்தை மட்டும் கவ்வும், தலை பலகையை அழுத்தும், இரண்டும் சேரும். அப்படிப்பட்டது கிடைக்கவில்லையென்றால் பலகையில் மட்டும் ஸ்க்ரூவின் வெளித்தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய துளை போடுங்கள், அதே பலன். கொஞ்சம் பெரிய துளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு, பலகை பக்கவாட்டில் அசைய அந்த இடம் போதும்.

ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூவைத் தரைக்குப் போடவே போடாதீர்கள். எங்கும் கிடைக்கிறது, கூராக இருக்கிறது, வேகமாக இறங்குகிறது என்று எடுத்துவிடுகிறார்கள். அது மிகவும் கடினப்படுத்திய இரும்பு, வளையத் தெரியாது, பலகை சில பருவங்கள் இப்படியும் அப்படியும் தள்ளினால் தலை டக்கென்று தெறித்துவிடும். அப்புறம் உள்ளே மாட்டிக்கொண்ட தண்டை எடுக்கவும் முடியாது.

20 மி.மீ. பலகைக்கு 4 முதல் 5 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. நீளம் சரியாக வரும். கடின மரச் சட்டத்தில் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் தடிமன் அளவுக்கு முன்துளை போடுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ முறியும் அல்லது பிட் வழுக்கித் தலை பாழாகும். நட்சத்திரப் பள்ளமோ சதுரப் பள்ளமோ உள்ள தலை வாங்குவது நல்லது. பதினைந்து வருடம் கழித்துக் கழற்ற வரும்போது கூட்டல் குறிப் பள்ளம் பாதிக்குப் பாதி வழுக்கும். மென்மரத்தில் இன்னொரு பக்கம் கவனம்: ஸ்க்ரூ முடுக்கும் இயந்திரத்தின் முறுக்கு விசையைக் குறைத்து வையுங்கள், தலை அமர்ந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தால் சட்டத்தில் மரை அரைந்து ஸ்க்ரூ வெறுமனே சுழலும். அப்படி ஆகிவிட்டால் அதே துளையில் மல்லுக்கட்டாமல் 15, 20 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

தலை தெரிவது பிடிக்கவில்லையென்றால் 8, 10 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி ஸ்க்ரூவை உள்ளே இறக்கி, அதே மரத்தில் வெட்டிய குமிழை மேலே வைத்து அடைக்கலாம். 20 மி.மீ. பலகைக்கு அதற்கு மேல் தோண்டாதீர்கள், தலைக்குக் கீழே பலகை மெலிந்துவிடும். குமிழின் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் மெருகு போட்ட பிறகு பொட்டு வைத்த மாதிரி தெரியும். பழைய மரக்கப்பல்களின் மேல்தளத்தில் இப்படித்தான் இரும்பின் தலையை மறைத்தார்கள், அங்கே அழகோடு தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும் காரணம்.

பசை: யோசித்துத்தான்

சட்டத்தின் மேல் ஒரு கோடு பாலியூரித்தேன் கட்டுமானப் பசை இழுத்து, அதன் மேல் பலகையை வைத்து ஆணியும் அடித்தால் தரை கிட்டத்தட்ட ஒரே உடம்பாகிவிடும், சத்தம் வெகுவாகக் குறையும். காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கும் வகை வேண்டும், அதுதான் பலகையின் அசைவைத் தாங்கும். கண்ணாடி மாதிரி இறுகும் வெள்ளை மரப்பசை சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நிற்காது. மேடுபள்ளமான சட்டத்தில் அதற்கு இடைவெளியை நிரப்பத் தெரியாது, அசைந்தால் விட்டுவிடும்.

ஆனால் ஒட்டிய பலகை ஒட்டியதுதான். எடுக்க வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், சட்டத்தின் தலையிலும் சில்லு பெயரும். அதனால் பசையை நான் இரண்டு இடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: மறைத்து அடித்த அகலப் பலகை, அப்புறம் மேலே வேறு தரை வரப்போகும் பிளைவுட் அல்லது துகள்பலகைத் தகடு.

பலகையும் தகடும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். துகள்பலகைத் தகடுகளின் நாக்கிலும் காடியிலும் பசை போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் இணைப்புகள் உரசும். முழு மரப்பலகைகளின் நாக்கில் பசை போடவே கூடாது, போட்டால் நான் மேலே சொன்ன மாதிரி ஏழெட்டும் கூட்டுச் சேர்ந்து ஒரே இடத்தில் பிளவு விடும். பிளைவுட்டில் நார்கள் மாறிமாறிக் குறுக்கே ஓடுவதாலும் துகள்பலகையில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதாலும் தகடு அகலத்தில் அவ்வளவு அசைவதில்லை, அதனால் அதற்கு அது சரி.

ஈரமான சட்டத்தின் குறையைப் பசை சரிக்கட்டும் என்று எண்ண வேண்டாம்.

இரும்பு எது என்பதும் முக்கியம்

ஓக் போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தில் சாதாரண இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை பரவும், தேய்த்தாலும் முழுக்கப் போகாது. அந்த மரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு. பூச்சிக்கும் அழுகலுக்கும் எதிராகச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய சட்டம் என்றால் மெல்லிய துத்தநாக முலாம் பூசிய ஸ்க்ரூவை அது அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். வெயில் மழை படும் வெளித்தளத்துக்கும் இதே விதி, கடலோரம் என்றால் துருப்பிடிக்காத எஃகிலேயே 316 என்ற ரகம். வெளித்தளத்தில் பலகைகளை நெருக்கவும் கூடாது, தண்ணீர் இறங்க நடுவே 5 மி.மீ. அளவுக்கு இடம் விட்டு, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஸ்க்ரூ போடுங்கள்.

அடிப்பதற்கு முன்பும் அடிக்கும்போதும்

சட்டங்கள் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. இரண்டு மீட்டர் நேர்க்கட்டை ஒன்றைச் சட்டங்களின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். மேடான சட்டத்தை இழைப்புளியால் இழையுங்கள், தாழ்ந்ததின் மேல் மெல்லிய மரச்சிம்பு வைத்து ஒட்டி அடித்துவிடுங்கள். தாழ்ந்த சட்டத்துக்கு ஸ்க்ரூவால் பலகையை வளைத்து இழுக்கலாம் என்று தோன்றும், அது விறைப்பாகவே நின்று என்றாவது கிளம்பும். சட்டங்களின் இடைவெளியையும் பாருங்கள்: மையத்துக்கு மையம் 400 மி.மீ. என்றால் 18 மி.மீ. பலகை தாராளம், 600 என்றால் 21 மி.மீ.க்குக் குறைந்து நான் போட மாட்டேன், நடக்கும்போது பலகை தொய்வதை எந்த ஆணியாலும் நிறுத்த முடியாது.

குழாய்கள் பல இடங்களில் சட்டத்தின் மேல்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில்தான் கிடக்கும், அதாவது நீங்கள் ஆணி அடிக்கப்போகும் அதே கோட்டில். பலகை மூடிய பிறகு அது தெரியாது. முதலிலேயே சுவரிலும் பலகையிலும் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிட்டு அடியுங்கள்.

முதல் பலகையைச் சுவரிலிருந்து 10, 12 மி.மீ. தள்ளி, நூல் பிடித்து நேராக வையுங்கள், அது கோணினால் அறையே கோணும். அந்த இடைவெளியைச் சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மூடிவிடும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடியுங்கள், தரையில் அடிக்காதீர்கள். மறைத்து அடிக்கும் தரையிலும் முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் மேலேயிருந்துதான் அடிக்க வேண்டி வரும். மேலேயிருந்து அடிப்பதாக இருந்தால் நாலைந்து பலகைகளைச் சேர்த்து வைத்து, சட்டத்தில் தற்காலிகமாக ஒரு கட்டையை அடித்து, அதற்கும் பலகைக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு ஆப்பு தட்டி நெருக்கியபின் அடிக்கலாம். எவ்வளவு நெருக்குவது என்பதைப் பருவம் சொல்லும். காற்று வறண்டிருக்கும் காலத்தில் போடும் பலகை இனிமேல் உப்பப் போகிறது, அதைக் கையழுத்தத்துக்கு மேல் நெருக்காதீர்கள், ஈரக் காலம் வந்தால் நடுவில் எழும்பும். ஈரக் காலத்தில் போடும்போது நன்றாக நெருக்கலாம், அப்புறம் சுருங்கத்தான் போகிறது.

இரண்டு பலகைகளின் முனைகள் சேரும் இடம் சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். 50 மி.மீ. சட்டத்தில் ஒவ்வொரு முனைக்கும் கிடைப்பது 25 மி.மீ. மட்டும், அதில் ஆணி முனைக்கு மிக அருகில் வந்துவிடுவதால் பிளக்கும். முன்துளை கட்டாயம். இன்னும் நல்லது, அந்த இடத்தில் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு துண்டுக் கட்டையை மேல்மட்டம் சமமாக வைத்து ஸ்க்ரூ போட்டு அகலப்படுத்திக்கொள்வது. அடுத்தடுத்த வரிசைகளில் இணைப்பு ஒரே சட்டத்தில் வராமல் மாற்றிப் போடுங்கள்.

ஏற்கெனவே கத்தும் தரை

ஒருவர் மெதுவாக நடக்கட்டும், இன்னொருவர் தரையில் கையை வைத்துப் பார்க்கட்டும். பலகை இறங்கும் இடம் விரலுக்குத் தெரியும். ஆணித்தலைகள் ஒரே கோட்டில் ஓடுவதை வைத்துச் சட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பழைய ஆணியைத் திரும்ப அடிக்காதீர்கள், அந்தத் துளை ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, ஒரு மாதம்கூட நிற்காது. அதன் பக்கத்தில் பலகையில் பெரிய துளை, சட்டத்தில் சிறிய துளை போட்டு ஸ்க்ரூவால் இழுங்கள். அடியில் குழாய் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் துளைபிட்டில் பலகையின் தடிமன் அளவில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு, பலகையை மட்டும் துளைத்து, ஒரு கம்பியை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். சட்டத்தின் மேல் பலகை அசையாமல் இருந்தும் சத்தம் வந்தால் இரண்டு பலகைகளின் ஓரங்கள் உரசுகின்றன, அங்கே ஸ்க்ரூவுக்கு வேலை இல்லை, இடுக்கில் முகப் பவுடரோ மெழுகோ தேய்த்தாலே பெரும்பாலும் அடங்கும்.

புதிய தரையோ பழையதோ, பலகைகளை மூடுவதற்கு முன் திறந்த சட்டங்களைக் குழாயும் வயரும் தெரிய, சுவரோரம் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஸ்க்ரூ போட்ட பலகைகள் எவை என்பதையும் அந்தப் படத்திலேயே குறித்துவிடுங்கள், அடுத்து திறக்கப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டு நேராக அந்தப் பலகையைக் கழற்றுவார்.